முச்சந்தியில் உடைத்த பூசணி

கடமலைக்குண்டைத் தாண்டியதும் பஸ் குலுங்கத் தொடங்கியது. உத்தமபாளையத்தில் ஏறி, தேனியில் மாறி, மயிலாடும்பாறை போய் இறங்குவதற்குள் இடுப்பு தனியாகக் கழன்றுவிடும். தான்சானியாவில் செம்மண் தடத்தில் ஜீப் துள்ளும்போதெல்லாம் வீரணன் சொல்வான்: "இதுக்கு எதுக்கு பாய் பிளேன் ஏறி வந்தோம்? வருசநாட்டுக்குப் போயிருந்தாப் பத்தாதா?" அந்த வீரணனின் மனைவியைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். மடியில் அவன் கொடுத்தனுப்பிய முந்திரிப்பருப்புப் பொட்டலம். அவள் என்னவெல்லாம் கேட்பாள் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கோபுரத்தின் மேல் எந்தப் பக்கத்துக் காற்று எவ்வளவு மோதும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பிழைக்கிறவன் நான். வெறுங்கையோடு எங்கும் போய் நிற்க மாட்டேன்.

என் பெயர் ராஜா முகம்மது. மின்சாரக் கோபுரம் நட்டுக் கம்பி இழுத்துக் கொடுக்கும் கம்பெனியில் இன்ஜினியர். இரண்டாயிரத்து எட்டில் எங்களுக்குத் தான்சானியாவின் உள்நாட்டில் ஒரு லைன் கிடைத்தது. ஆட்களை நானே பொறுக்கினேன். கண்டமனூர்ப் பக்கம் காற்றாலை போட்ட காலத்தில் என்னிடம் வேலை பார்த்த ஆண்டிபட்டி, மயிலாடும்பாறைக்காரர்கள். உயரத்துக்குப் பயப்படாதவர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்கள். பல்லி, பூனை, ஒற்றைத் தும்மல், எதிரே வருகிற காலிக்குடம். இவர்களுக்கு மேஸ்திரி வீரணன். கோபம் வந்தால் என்னை சார் என்பான், மற்ற நேரம் பாய்.

அங்கே எங்கள் வேலை நடந்த இடம் முழுக்கப் புதரும் பாறையும். எப்போதாவது பத்துக் குடிசை, கொஞ்சம் மக்காச்சோளம், கொஞ்சம் பூசணிக்கொடி. போனில் சிக்னல் கிடையாது. நட்டு முடித்த கோபுரத்தில் பாதிக்கு மேல் ஏறினால் ஒரு கோடு வரும், உச்சிக்குப் போனால் இரண்டு. ஊரோடு பேச வேண்டுமென்றால் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏற வேண்டியதுதான். பெண்டாட்டியோடு பேசுவதற்காக அவ்வளவு உயரம் ஏறிய ஆண்பிள்ளைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதிலும் அடிக்கடி ஏறியவன் வீரணன். அவன் மனைவி சுருளியம்மாள் நிறைமாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இது மூன்றாவது.

அவர்கள் வீடுகளில் பாதிக்குப் போன் இல்லை. பெண்கள் எல்லோரும் சேதி கேட்கவும் சொல்லவும் உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் பூத்திலிருந்து அடிப்பார்கள். என் மனைவி ஜெய்த்தூன் பீவி வீட்டை ஒரு டெலிபோன் ஆபீஸ் மாதிரி நடத்திக்கொண்டிருந்தாள். எவன் வீட்டில் கறவை மாடு கன்று போட்டது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

லைன் ஓரிடத்தில் திரும்ப வேண்டியிருந்தது. திருப்பத்தில் நிற்கிற கோபுரத்தைத் தள்ளிப் போட முடியாது. அதை நகர்த்தினால் முன்னும் பின்னும் எல்லாம் நகரும். சனியன் பிடித்த அந்த இடத்தில்தான் அஸ்திவாரக் குழி நிற்கவே மாட்டேன் என்றது. தோண்டத் தோண்ட ஊற்று வந்து கரை சரிந்தது. பலகை அடித்தோம், பம்ப் வைத்தோம், மறுபடியும் சரிந்தது. ஒருவன் கால் மண்ணில் மாட்டிக்கொண்டு, இழுத்து எடுக்கப் பெரும்பாடாகிவிட்டது.

"கண்ணு பட்ருக்கு பாய். ஒரு பூசணிக்காயச் சுத்தி உடைச்சிருவோம்" என்றான் வீரணன்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மேலே ஏறப் போகிறவன் அவன், கீழே தொப்பி போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கப் போகிறவன் நான். ஏறுகிறவன் மனதை எதற்குக் கெடுப்பானேன்? எங்கள் பக்கத்தில் எந்த சைட்டிலும் இதுதான் நடைமுறை. அவர்கள் பூசை போடுவார்கள், நான் ஓரமாக நின்று, முடிந்ததும் பொரிகடலை வாங்கிக்கொள்வேன். "நடத்துப்பா" என்றேன்.

குங்குமமும் சூடமும் தேனியிலிருந்தே பெட்டியில் வந்திருந்தன. வெள்ளைப் பூசணி அந்த நாட்டில் கிடைக்கவில்லை. குழிக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்த பெண்ணிடம் மஞ்சள் பூசணி ஒன்று வாங்கினார்கள். அவளை ஊரே மாமா ஸவாதி என்று கூப்பிடும். அங்கே அம்மாவுக்கு மாமா என்று பெயர். மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஸவாதி அவளுடைய ஒரே மகள், இடுப்பில் வைத்துத் தூக்குகிற வயது. எங்கள் ஆட்கள் அவளை மாமா என்று கூப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அவளும் காரணம் தெரியாமல் கூடச் சிரிப்பாள். நல்ல காயாகப் பார்த்துத் தட்டித் தட்டி எடுத்துக் கொடுத்தாள்.

வீரணன் காயின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தைக் குழைத்து ஊற்றி, சில்லறை போட்டு, மேலே சூடம் ஏற்றிக் குழியை மூன்று சுற்றுச் சுற்றினான். பிறகு உடைப்பதற்கு முச்சந்தி தேடினான். முச்சந்தியில் உடைத்தால்தான் கழியும். புதர்க்காட்டில் முச்சந்திக்கு எங்கே போவது? ஊற்றுக்குப் போகிற தடமும், சோளக்கொல்லைக்குப் போகிற தடமும், மாமா ஸவாதியின் வாசலுக்குப் போகிற தடமும் ஓரிடத்தில் சேர்ந்தன. அங்கேயே ஓங்கிப் போட்டு உடைத்தான். சிவப்புத் தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. எங்கள் ஊரில் என்றால் சில்லறையைப் பொறுக்கப் பிள்ளைகள் முட்டி மோதும். அங்கே ஒருவரும் கிட்டே வரவில்லை.

மறுநாள் காலை ஊரே குழிக்கரையில் நின்றது. இரவு முழுக்க ஸவாதிக்கு அனலாகக் காய்ச்சல். விடியும்போது வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. மாமா ஸவாதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். எங்கள் டிரைவர் ஜோசப்தான் மொழிபெயர்ப்பான். அன்று அவனே எங்களைவிட்டு எட்ட நின்றுகொண்டு பேசினான்.

"அவள் கேட்கிறாள்: நான் உங்களுக்குச் சாப்பிடத்தானே காய் கொடுத்தேன். அதற்கு இரத்தம் பூசி, தலையில் நெருப்பு வைத்து, என் வாசலில் உடைத்திருக்கிறீர்களே. நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்?"

இரத்தம் இல்லை, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த பொடி என்றேன். வேலை நல்லபடியாக நடப்பதற்காக எங்கள் ஊரில் செய்கிற நல்ல காரியம் என்றேன். ஊர்த் தலைவர் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேட்டார்: "நல்ல காரியமா?"

"நல்ல காரியம்."

"அப்படியானால் அந்தக் காயும் நல்ல காய். உடைத்தவன் அதைத் தின்னட்டும். துண்டுகளை அவள் பொறுக்கி வைத்திருக்கிறாள். நாளை மதியம் சமைத்துப் போடுவாள். எங்கள் முன்னால் தின்றால் நீங்கள் கெடுதல் செய்யவில்லை என்று நம்புகிறோம். அதுவரைக்கும் இந்தக் குழியில் ஒருவரும் இறங்கக் கூடாது."

எந்த வக்கீலாலும் மறுக்க முடியாத வாதம். நான் வேறு வழிகளில் முட்டிப் பார்த்தேன். இது மலேரியா, ஜீப் இருக்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். அவன் தின்னாத வரைக்கும் உங்கள் வண்டியில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றாள். அப்படியானால் நானே தின்கிறேன் என்றேன். நீ உடைக்கவில்லையே என்றார் தலைவர்.

வீரணனைத் தனியே கூப்பிட்டேன்.

"நான் திங்க மாட்டேன் சார்" என்றான். சார் வந்துவிட்டது. "அது கழிச்சுப் போட்டது. சுத்தி உடைச்ச காய மாட்டைக்கூட மோந்து பாக்க விட மாட்டோம். அதுல இருக்குற அம்புட்டும் திங்குறவன் வீட்டுலதான் வந்து விடியும். அங்கன அவ நிறைமாசமா இருக்கா."

"ஏலே, வெறும் பூசணிக்காய்டா. கழுவி, வேக வச்சுத் தரப் போறா."

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது சார்."

"அந்தப் பச்சப்புள்ளைக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நீ தின்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு விடுவேன்கிறா. கண்ணால பாத்தேல்ல?"

"பாத்தேன்" என்றான். "அதுக்கு எம்புள்ளையக் குடுக்கச் சொல்றீகளா சார்?"

அவன் சொன்னது முட்டாள்தனம்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜோசப்போடு டவுனுக்குக் கிளம்பினேன். மாவட்ட அதிகாரியைப் பார்த்து, ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பிள்ளையையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வைக்கலாம் என்று எண்ணம். அதிகாரி கோட்டுப் போட்டவர், வெளிநாட்டில் படித்தவர். முழுக்கக் கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "தின்றுவிடுங்கள்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன்.

வெளியே வந்ததும் சட்டைப் பையில் போன் அடித்தது. டவுனில் சிக்னல் உண்டு. ஜெய்த்தூன் பீவி.

"ஏங்க, எங்கன இருக்கீக? பக்கத்துல வீரணன் இருக்காரா?"

"இல்ல. சொல்லு."

"சுருளியம்மாளுக்கு நேத்துச் சாயங்காலம் வலி வந்து தேனிக்குக் கொண்டு போயிருக்காக. புள்ள தங்கலைங்க. வயித்துலயே அடங்கிப்போச்சாம். ஆம்பளப் புள்ள."

"அவ எப்படி இருக்கா?"

"அவளுக்குப் பயமில்ல. அவுக ஆத்தா கூட இருக்காக. நீங்க அவருகிட்ட இப்பச் சொல்லிப்புடாதீக. கண்காணாத ஊரு. வீட்டுக்கு வந்து தெரிஞ்சுக்கிரட்டும். அவுக ஆத்தாவும் அதத்தான் சொன்னாக."

வெளிநாட்டில் இருக்கிறவனிடம் சாவுச் செய்தியை மறைப்பதை எங்கள் பக்கத்தில் ஒரு தர்மமாகவே வைத்திருக்கிறார்கள். நான் மஸ்கட்டில் இருந்தபோது என் அத்தா அப்துல் காதர் மவுத்தாகிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் தூங்குகிறார், பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். லீவில் வந்து வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். அவருக்காக வாங்கிய கைக்கடிகாரம் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் மேல் உள்ள அன்பில்தான் செய்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

திரும்பும் வழியில் ஜோசப் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. லைனில் ஒரு பழுது என்றால் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி, எது முந்தி நடந்தது என்பதுதான். பிள்ளை போனது நேற்று. பூசணி இன்று. ஜெய்த்தூன் சொன்னபடி மறைத்து, எப்படியாவது அவனைத் தின்ன வைத்துவிட்டால் கோபுரம் நிற்கும், ஸவாதி ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஆனால் என்றைக்காவது ஊருக்குப் போய்ச் செய்தி தெரியும்போது, தான் தின்றதால்தான் பிள்ளை போனது என்று வீரணன் முடிவு கட்டுவான். எந்தக் காலண்டரைக் காட்டினாலும் அது அவன் மனதிலிருந்து போகாது. இப்போதே சொன்னால், பிள்ளையைப் பறிகொடுத்தவன் முன்னால் அந்தத் தட்டை எப்படி வைப்பது? கோபுரமும் போச்சு, அந்தக் குழந்தையும் போச்சு. இரண்டு பக்கமும் இடித்தது. அன்றைக்குப் பட்ட அவதியை நான் எந்த வேலையிலும் பட்டதில்லை.

போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. மரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. நடுவில் மூடிய சட்டி, பக்கத்தில் மாமா ஸவாதி, அவள் மடியில் துவண்டு கிடந்த பிள்ளை. எங்கள் ஆட்கள் ஒரு பக்கமாக நின்று வீரணனைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவன் மசியவில்லை. நான் அவன் கையைப் பிடித்துச் சிமெண்ட் ஷெட்டுக்குள் கூட்டிப் போனேன்.

"வீரணா. நேத்துச் சாயங்காலம் அவளுக்கு வலி வந்துருக்கு. அவ நல்லா இருக்கா. புள்ள தங்கலைப்பா."

அவன் என்னையே பார்த்தான். "நேத்தா?"

"நேத்து. நீ இன்னும் எதையும் வாயில வைக்கலை. அத மனசுல போட்டுக்க. நாளைக்கு எவன் என்ன சொன்னாலும் இது முந்தி நடந்தது."

சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"என்ன புள்ள பாய்?"

"ஆம்பளப் புள்ள."

தலையை ஆட்டிக்கொண்டான். அழவில்லை. நான் அவன் தோளில் கை வைத்து, "நீ எதையும் திங்க வேணாம். நான் அவுககிட்டப் பேசிக்கிறேன். லைன் போனாப் போகுது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவன் எழுந்து வெளியே போனான். டிரம்மில் தண்ணீர் மொண்டு முகம் கழுவினான். துண்டால் துடைத்துக்கொண்டு நேராக மரத்தடிக்கு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இனிமே எங்கிட்ட என்ன பாய் இருக்கு, அது வந்து பிடிக்கிறதுக்கு?" என்றான் திரும்பாமல். "அந்தப் புள்ளையப் பிடிச்சிருக்குறதாவது எந்தலையில வந்து விடியட்டும்."

சட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மாமா ஸவாதி தட்டில் போட்டாள். கடலைப் பொடி தூவி வேக வைத்த பூசணி, நல்ல வாசனை. வீரணன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றான். இன்னொன்று. நான்காவதோ ஐந்தாவதோ வாய்க்குப் போகும்போது அவனுக்குக் கண்ணீர் வழிய ஆரம்பித்தது. மெல்லுவதை நிறுத்தவில்லை. விழுங்குவதும் அழுவதும் சேர்ந்து விக்கல் மாதிரி வந்தது. ஊர் மிரண்டு போய்ப் பார்த்தது.

மாமா ஸவாதி ஜோசப்பிடம் ஏதோ கேட்டாள். "ஏன் அழுகிறான், தின்றால் செத்துப்போவானா என்று கேட்கிறாள்" என்றான் ஜோசப். நான் அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவன் அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். சொல்லச் சொல்லத் தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

அவள் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். எழுந்து வந்து வீரணனுக்கு அருகில் உட்கார்ந்தாள். தட்டைத் தனக்கும் அவனுக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். தட்டு காலியாகும் வரைக்கும் இருவரும் தின்றார்கள். அது அங்கத்திய வழக்கமா என்று பிறகு ஜோசப்பிடம் கேட்டேன். தெரியாது, தானும் பார்த்ததில்லை என்றான்.

ஸவாதியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். மலேரியாதான். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் பிள்ளை அம்மா இடுப்பில் உட்கார்ந்து எங்கள் பம்ப் செட்டை வேடிக்கை பார்த்தது. ஊசி காப்பாற்றியது என்பேன் நான். வீரணன் கணக்கு வேறு. அவனோடு நான் வாதம் பண்ணவில்லை. குழியை இன்னும் அகலமாக வெட்டி, கரைக்குக் கல் அடுக்கிக் கான்கிரீட் போட்டோம். கோபுரம் ஏறியது.

ஊருக்கு டிக்கெட் போடுகிறேன் என்றதற்கு வீரணன் மறுத்துவிட்டான். "அவ மூஞ்சில எப்படி பாய் முழிக்கிறது? கம்பிய இழுத்து முடிச்சுட்டு வர்றேன்." சாயங்காலத்தில் அந்தத் திருப்பக் கோபுரத்தில்தான் ஏறுவான். கீழேயிருந்து பார்ப்பேன். போன் காதில் இருக்கும், வாய் அசையாது. அந்தப் பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும். இருவரும் பேசாமலே போன் கார்டில் காசு தீரும் வரைக்கும் இருப்பார்கள்.

எனக்கு லீவு வந்தது. அதனால்தான் இந்தப் பஸ், இந்தப் பொட்டலம்.

மயிலாடும்பாறையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சுருளியம்மாளின் தாயார் அக்கம்மாள் வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்த புள்ள பாய். இப்ப ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க." நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுருளியம்மாள் சுவரோரம் நின்றாள். பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கி, பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பதில் சொன்னேன். எப்போது வருவார் என்று கேட்டாள். கம்பி முடிந்ததும் என்றேன். எல்லாம் நான் எதிர்பார்த்த கேள்விகள்தான். பூசணிக் கதையை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. நானும் சொல்வதாக இல்லை. கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"நீங்க சேதி சொன்ன அன்னிக்கு, அவுக சாப்பிட்டாகளா பாய்?" என்றாள்.

இதற்கு நான் பதில் கொண்டுவரவில்லை.

"சாப்பிட்டாப்ல தாயி."

"என்ன சாப்பிட்டாக?"

"பூசணிக்கா. அந்தூர்ப் பொம்பள ஒருத்தி ஆக்கிப் போட்டா."

"அவுக பூசணிக்காய வாயில வைக்க மாட்டாகளே."

"அன்னிக்குத் தின்னாப்ல. அந்தப் பொம்பளையும் பக்கத்துல உக்காந்து, ஒரே தட்டுல தின்னா. அவளும் ஒரு புள்ளைக்காரி."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கி அடங்கும் வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அப்பச் சரி" என்றாள். "ஒத்தையில உக்காந்து சாப்பிட்டாகளோன்னுதான் பாய் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"ஆத்தா, பாய்க்குச் சோறு போடு. எனக்கும் ஒரு தட்டு எடுத்துட்டு வா."